தைக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா?

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மிடையே வழங்கும் முதுமொழி. மனிதனின் மதிப்பில் சரிபாதியை ஆடைக்கு எழுதி வைத்த இம்மொழி, அந்த ஆடையைத் தைத்துக் கொடுத்தவரின் மதிப்பைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. நம் பங்குகள் பலவற்றில் அருட்சகோதரியரின் தையற்பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. ஆண்டுதோறும் இளம்பெண்களும் கைம்பெண்களும் அங்கே பயின்று, பங்குத் திருவிழாவன்றோ மகளிர் நாளன்றோ மேடையேறிச் சான்றிதழ் பெறுகின்றனர். நாமும் கைதட்டி மகிழ்கின்றோம். ஆனால் அவர்களுள் எத்தனை பேர் அக்கல்வியால் அடுப்பெரிக்கின்றனர்? எத்தனை இல்லங்களில் தையல் இயந்திரம் சுவரோரமாக நின்று, மடித்த துணிகளை அடுக்கி வைக்கும் மேசையாகப் பயன்படுகின்றது? இவ்வினாவை இறைமக்களாகிய நாம் நமக்குள் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விவிலியத்தில் ஊசியும் நூலும்

திருநூலைத் திறந்தால் மூன்றாம் அதிகாரத்திலேயே தையல் வந்துவிடுகின்றது. பாவத்தில் விழுந்த நம் முதற்பெற்றோர் அத்தியிலைகளைத் தைத்துத் தம்மை மறைத்துக் கொண்டனர் என்று தொடக்க நூல் கூறுகின்றது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே தைத்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த இலையாடை நிலைக்கவில்லை. அதே அதிகாரத்தின் இறுதியில், ஆண்டவராகிய கடவுளே தோலாடை செய்து அவர்களுக்கு உடுத்துகின்றார். தம் கட்டளையை மீறியவர்களையும் ஆடையின்றி வெளியே அனுப்ப அவர் மனம் ஒப்பவில்லை. உடுத்துதல் என்பது இரக்கத்தின் செயல் என்னும் பாடம் இங்கேயே தொடங்குகின்றது.

விடுதலைப் பயண நூலில், சந்திப்புக் கூடாரப் பணிக்காகப் பெட்சலேல், ஒகொலியாபு என்னும் இருவரை ஆண்டவர் தேர்ந்துகொள்கின்றார். நெய்தல், பூவேலை செய்தல், உலோக வேலை, மரவேலை ஆகிய திறன்களால் அவர்களை நிரப்பினார் என்பதோடு, பிறருக்குக் கற்றுக் கொடுக்கும் ஆற்றலையும் அவர்களுக்கு அருளினார் என்று அந்நூல் தனியே குறிப்பிடுகின்றது. கைத்தொழில் அறிவதும், அதைக் கற்பிப்பதும் இரண்டுமே தூய ஆவியின் கொடைகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே நூலில், தலைமைக்குரு ஆரோனின் அங்கியைப் பற்றிய கட்டளையில் ஒரு நுட்பம் உண்டு. தலை நுழைவதற்கு நடுவே திறப்பு விட வேண்டும். அத்திறப்பு கிழிந்து போகாதபடி சுற்றிலும் கரை அமைய வேண்டும். இன்று தையல் வகுப்பில் கழுத்து வெட்டியவுடன் குறுக்குத் துணியால் பட்டி கட்டு என்று ஆசிரியை சொல்வதும் இதுவே. நம் ஆண்டவரும் இத்தொழிலை அறிந்தவராகவே பேசினார். பழைய ஆடையில் சுருங்காத புதுத்துணியை ஒட்டுப் போட்டால், அது பழையதை இழுத்துக் கிழித்துவிடும் என்று அவர் உவமை சொன்னார். புதுத் துணியை வெட்டுமுன் நீரில் நனைத்து உலர்த்த வேண்டும் என்பது இன்றும் தையற்காரரின் முதல் விதி. நாசரேத்து இல்லத்தில் தம் அன்னை ஒட்டுப் போடுவதைக் கண்டு வளர்ந்த மகனின் சொல் அது என்று எண்ணுவது தவறாகாது.

யோப்பா நகரத்துத் தபித்தாவை மறத்தல் இயலாது. அவள் இறந்தபோது, புனித இராயப்பர் வந்து நிற்க, ஊரிலுள்ள கைம்பெண்கள் அழுதுகொண்டே, அவள் தங்களுக்குச் செய்து கொடுத்த ஆடைகளை எடுத்துக் காட்டினர் என்று திருத்தூதர் பணி நூலின் ஒன்பதாம் அதிகாரம் கூறுகின்றது. அவளுக்காகப் பரிந்துரை எழுதியவர் எவருமில்லை. அவள் தைத்த ஆடைகளே அவளுக்காகச் சாட்சி சொல்லின.

தென்னாட்டில் ஒரு மேலாடையின் விலை

தையற்கலை மனித மாண்போடு எவ்வளவு நெருங்கியது என்பதை அறிய நாம் யோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 19-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. அங்கே நாடார் சமூகத்துப் பெண்களும் அவர்களைப் போல் தாழ்த்தி வைக்கப்பட்ட பிற சமூகத்துப் பெண்களும் மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமை மறுக்கப்பட்டிருந்தனர். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த திருமதி மீட், திருமதி மால்ட் போன்றோர், கிறிஸ்தவப் பெண்கள் அணிவதற்கெனத் தளர்ந்த ரவிக்கை ஒன்றை அமைத்துக் கொடுத்தனர். குப்பாயம் என்று அழைக்கப்பட்ட அந்த எளிய தைத்த ஆடைக்காகப் பெண்கள் தெருவிலும் சந்தையிலும் அடிபட்டனர். அவர்களுடைய ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1820-களில் தொடங்கிப் பல்லாண்டு நீடித்த தோள்சீலைப் போராட்டத்திற்குப் பின்னரே, 1859 ஜூலை 26-ஆம் நாள் மன்னரின் அறிக்கை மேலாடை அணிய இசைவளித்தது. அதிலும், உயர்ந்தவர் எனப்பட்டோர் அணியும் முறையில் அணியலாகாது என்ற கட்டுப்பாடு இருந்தது. இன்று நாம் கடையில் எண்ணிப் பாராது வாங்கும் ரவிக்கைத் துணிக்கு நம் பாட்டிமார் கொடுத்த விலை இது.

அதே நாகர்கோவிலில், திருமதி மார்த்தா மால்ட் தம் பள்ளிச் சிறுமியருக்கு லேஸ் பின்னும் கலையைக் கற்பித்தார். அதன் வருவாயைக் கொண்டு அடிமைத்தளையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தனர் என்று அம்மிஷனின் வரலாறு கூறுகின்றது. நம் பிரிந்த சகோதரர்களின் இந்நற்பணியை நன்றியோடு நினைவுகூர்தல் நமக்குத் தகும்.

கத்தோலிக்கத் திருச்சபையும் வாளாவிருக்கவில்லை. 1897 நவம்பரில் பெல்ஜியம் நாட்டிலிருந்து முளகுமூடு வந்து சேர்ந்த அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தர், அங்கே அனாதைச் சிறுமியரை அரவணைத்து, அவர்களுக்கும் ஊர்ப்பெண்களுக்கும் கைவேலை கற்க வழி செய்தார். அவர் தொடங்கிய துறவற சபையே இன்று மரியின் மாசற்ற இதய மறைபரப்புச் சகோதரியர் சபையாகப் பல நாடுகளில் பணியாற்றுகின்றது. முளகுமூட்டு லேஸ் வேலையின் புகழ் நம்மிற் பலர் அறிந்ததே. கைக்கு ஒரு தொழில் தராமல் வயிற்றுக்குச் சோறு மட்டும் தந்தால், இரப்பவரை என்றும் இரப்பவராகவே வைத்திருப்போம் என்பதை அச்சகோதரியர் உணர்ந்திருந்தனர்.

இயந்திரம் வந்த கதை

ஊசியின் வரலாறு மிகப் பழையது. தையல் இயந்திரத்தின் வரலாறோ அதற்கு மிகப் பிந்தையது. பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தலேமி திமோனியே என்பவர் 1830-இல் தம் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். படைவீரரின் சீருடை தைக்கப் பாரிசில் அவ்வியந்திரங்களைக் கொண்டு ஒரு பட்டறை அமைந்தது. தம் பிழைப்புப் போய்விடும் என்றஞ்சிய தையற்காரர்கள் திரண்டு வந்து அதனை உடைத்தெறிந்தனர். அவர் வறுமையிலேயே 1857-இல் மறைந்தார். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-இலும், ஐசக் சிங்கர் 1851-இலும் காப்புரிமை பெற்ற பின்னரே இயந்திரம் இல்லந்தோறும் செல்லத் தொடங்கியது.

இயந்திரங்களை ஐயத்தோடு நோக்கிய அண்ணல் காந்தியடிகள், 1924-இல் தம்மிடம் வினவிய ஒருவருக்கு விடையளிக்கையில், சிங்கர் தையல் இயந்திரத்தை மட்டும் விதிவிலக்காகப் பாராட்டினார். மனைவி கைத்தையலால் களைப்படைவதைப் பொறாத அன்பே அக்கண்டுபிடிப்புக்குக் காரணம் என்று அவர் கருதினார். மனிதனுக்குத் துணை நிற்கும் இயந்திரம் வேறு, மனிதனைத் தின்னும் இயந்திரம் வேறு என்பதே அவர் உணர்த்திய கருத்து. இந்த வேறுபாடு நம் பெண்களின் வாழ்விலும் உண்டு. தன் வீட்டில், தன் நேரத்தில், தன் பெயரில் தைப்பவளுக்கு இயந்திரம் துணை. ஆடை ஆலையில் நாள் முழுதும் ஒரே ஓரத்தையோ ஒரே பையையோ மட்டும் ஓட்டிக்கொண்டு, எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவளுக்கு, பத்தாண்டு உழைத்த பின்னும் ஒரு முழு ஆடையைத் தானே செய்யத் தெரியாத நிலை ஏற்படக்கூடும். ஆலை வேலை இழிவானதன்று. பல குடும்பங்களைக் காப்பது அது. ஆயினும், தொழிலின் ஒரு துண்டை மட்டும் அறிந்தவர் எப்போதும் பிறர் கையை எதிர்நோக்கியே நிற்க வேண்டியிருக்கும்.

கை நடுங்குவது எங்கே?

இங்கேதான் நம் வகுப்புகளின் குறை தென்படுகின்றது. ஆறு திங்கள் பயின்று, சான்றிதழும் பெற்று, நன்கொடையாளர் ஒருவரின் உதவியால் இயந்திரமும் பெற்ற கைம்பெண் ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பொறுப்பு அவருக்கு. நேர்த்தியாகத் தைப்பார், ஆனால் வரும் துணிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு பேருந்தேறி நகரத்துக்குச் சென்று, அங்குள்ள கட்டிங் மாஸ்டர் ஒருவரிடம் கூலி கொடுத்து வெட்டி வாங்கி வருவார். காரணம் கேட்டேன்.

“தைக்கிறது வரும் சாமி. வெட்டுறதுக்குத்தான் கை நடுங்குது. ஊராருடைய பட்டுத் துணியைக் கெடுத்துட்டா, நான் எங்கே போய்ப் பணம் கட்டுவேன்?” என்றார்.

அவர் கையில் குறையில்லை. கற்பித்த முறையில்தான் குறை. இயந்திரத்தை மிதிக்கவும், ஓரம் மடிக்கவும், காஜா எடுக்கவும், கொக்கி வைக்கவும் கற்றுக் கொடுத்தவர்கள், அளவெடுப்பதையும் வெட்டுவதையும் ஓரிரு வாரத்தில் குறிப்பேட்டில் எழுதவைத்து முடித்துவிட்டனர். 36 அங்குல மார்பளவுக்கு உரிய கணக்கு அவருடைய குறிப்பேட்டில் இருந்தது. 38 அங்குலத்துக்கு என்ன செய்வது, ஒரு தோள் சற்றுத் தாழ்ந்த பெண்ணுக்கு என்ன செய்வது, முதுகு கூனிய மூதாட்டிக்கு என்ன செய்வது என்பது அதில் இல்லை. விதியை மனப்பாடம் செய்தவருக்கு விதியின் காரணம் தெரியாது. காரணம் தெரியாதவரின் கை நடுங்கத்தான் செய்யும்.

பின்னர் ஓர் அருட்சகோதரி அவருக்குச் சொன்ன வழி எளியது. பழைய செய்தித்தாளில் ரவிக்கையை வரைந்து வெட்டு, வீணானாலும் நட்டமில்லை. அது கைவந்தபின் கிழிந்த சேலையில் வெட்டித் தைத்து, நீயே அணிந்து பார். அதன்பின் பங்கின் பீடச் சிறுவர்களுக்கான அங்கிகளை வெட்டு. நேர்க்கோடுகளே மிகுதி, தவறினாலும் திருத்தலாம். கடைசியில் அயலாரின் துணிக்கு வா. இப்படி நான்கு படிகளை அவர் கடக்கச் சில திங்களாயின. இன்று அவரே வெட்டுகின்றார். பெரிய கடை வைத்துவிடவில்லை. பேருந்துச் செலவும் வெட்டுக்கூலியும் மிச்சம், துணி திரும்பி வரும் அவமானமும் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். இது சிறிய வெற்றி அன்று.

எதைக் கற்பிக்க வேண்டும்?

வீட்டுத் தேவைக்கு மட்டும் பயில விரும்புவோர் உண்டு. தொழிலாகக் கொள்ள விரும்புவோரும் உண்டு. இருவரையும் ஒரே அறையில் அமர்த்தி ஒரே பாடத்தை நடத்துவது இருவருக்கும் பயன்தராது. முதலாமவர்க்கு வேண்டியவை சில: கைத்தையல் வகைகள், பொத்தான் வைத்தல், கிழிசலை ஒட்டுப் போடுதல், உள்பாவாடை, தலையணை உறை, குழந்தையின் சட்டை, இறுகிய ஆடையைப் பிரித்துத் தளர்த்துதல் ஆகியவை. வளரும் பிள்ளையின் பாவாடையில் இரண்டு மடிப்பு உள்ளே வைத்துத் தைத்தால், ஆண்டுக்கொரு மடிப்பாகப் பிரித்து விடலாம் என்பதை அறிந்த தாய், குடும்பச் செலவில் எத்துணையோ மிச்சம் பிடிப்பாள்.

தொழிலாகக் கொள்வோர்க்கு நான்கு அறிவுகள் இன்றியமையாதவை.

முதலாவது, துணியின் அறிவு. நெசவில் நீளவாட்டில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவு அதிகம் இழுபடாது. ஆகையால் உடலின் நீளவாட்டுக்குப் பாவு வருமாறு வெட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே மூலைவாட்டில் வெட்டிய துணியோ நன்கு இழுபடும். கழுத்து வளைவுக்குப் பட்டி கட்ட அதுவே ஏற்றது. இதை அறியாது கையையும் உடலையும் வெவ்வேறு வாட்டத்தில் வெட்டினால், முதல் சலவையிலேயே ஆடை முறுக்கிக்கொள்ளும். ரவிக்கையின் உள்ளே வைக்கும் பருத்தி லைனிங்கை நனைத்து உலர்த்தாமல் தைத்தால், அது சுருங்கி மேல்துணியைச் சுளிக்க வைக்கும். நற்செய்தியின் ஒட்டுத்துணி உவமைக்கு இதுவும் ஓர் உரை.

இரண்டாவது, உடலின் அறிவு. மார்புச் சுற்றளவின் நான்கில் ஒரு பங்கு ஆடையின் ஒரு கால்பகுதிக்கு அடிப்படை. 36 அங்குலத்துக்கு 9 அங்குலம். அதன்மேல் மூச்சு விடவும் கை தூக்கவும் வேண்டிய தளர்ச்சி, தையலுக்கான துணி, பின்னாளில் பிரித்து விடுவதற்கான உள்துணி என மூன்றையும் தனித்தனியே கூட்ட வேண்டும். எதை எதற்காகக் கூட்டினோம் என்று தெரிந்தவர்க்கு எந்த அளவும் அச்சம் தராது.

மூன்றாவது, இயந்திரத்தின் அறிவு. மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் கோத்துக்கொள்வதே நல்ல தையல். துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால், பெரும்பாலும் மேல்நூல் தளர்ந்துள்ளது அல்லது சரியாகக் கோக்கப்படவில்லை என்று பொருள். மெல்லிய பட்டுக்கு 11-ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, தடித்த துணிக்கு 16 என்று மாற்ற வேண்டும். மழுங்கிய ஊசி பட்டில் இழை இழுக்கும். எண்ணெய் விடுவதும் தூசு துடைப்பதும் தெரிந்தால், பழுது பார்ப்பவருக்குக் கொடுக்கும் பணம் மிஞ்சும்.

நான்காவது, கணக்கின் அறிவு. இதைத்தான் நம் வகுப்புகளில் பெரும்பாலும் காணோம். ஓர் எடுத்துக்காட்டு: லைனிங் வைத்த ரவிக்கைக்கு ஒருவர் 250 ரூபாய் வாங்குகின்றார் என்று கொள்வோம். லைனிங், நூல், கொக்கிக்கு 70 ரூபாயும், மின்சாரம், ஊசி, எண்ணெய், பழுதுக்கு 10 ரூபாயும் போனால் மீதி 170. வெட்டித் தைத்து முடிக்க மூன்று மணி நேரமானால், மணிக்கு 57 ரூபாய்கூட நிற்கவில்லை. இக்கணக்கைப் போடாதவர், நிறையத் தைத்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லையே என்று தம் விதியை நொந்துகொள்வார். ஒரு சிறு குறிப்பேட்டில் வாடிக்கையாளரின் பெயர், அளவு, துணி வாங்கிய நாள், கொடுக்க வேண்டிய நாள், முன்பணம், பாக்கி ஆகியவற்றை எழுதும் பழக்கம், இயந்திரத்தை ஓட்டும் திறனுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

மேற்கொண்டு பயில விரும்புவோர்க்கு வழிகள் உள்ளன. தொழிற்பயிற்சி நிலையங்களில் தையல் தொழில்நுட்பம் ஓராண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. தமிழக அரசு நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலும் ஒரு பாடம். உடை வடிவமைப்பையே உயர்கல்வியாகக் கொள்ள விரும்பும் பிள்ளைகளுக்கு, 1986-இல் தோன்றிய தேசிய ஆடைத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் கிளை 1995 முதல் சென்னையில் உள்ளது. சமூக நலத்துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர் பள்ளிச் சீருடைகளைத் தைத்து வருவாய் பெறுகின்றனர். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான அரசுத் திட்டம், கைம்பெண்கள், கைவிடப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் போன்றோர்க்கு இலவசத் தையல் இயந்திரம் வழங்குகின்றது. இச்செய்திகளை ஞாயிறு அறிவிப்பில் சொல்ல எத்தனை மணித்துளி ஆகும்?

மேடையும் பீடமும்

நம் பங்குகளில் வேறெங்கும் கிடைக்காத பயிற்சிக் கூடம் ஒன்று உண்டு. அது தவக்காலப் பாஸ்கா நாடகமும் கிறிஸ்துமஸ் நாடகமும் ஆகும். ஆண்டுதோறும் நாடக உடைகளை வாடகைக்கு எடுத்து, சாயம் போன வெல்வெட்டையும் பொருந்தாத தலைக்கவசத்தையும் அணிவித்து மேடையேற்றுகின்றோம். அந்த வாடகைப் பணத்தைத் துணிக்குச் செலவிட்டு, தையல் பயில்வோரிடம் ஒப்படைத்தால், ஊருக்கு உடை மிஞ்சும், அவர்களுக்கு அறிவு மிஞ்சும்.

மேடை உடைக்குத் தனி இலக்கணம் உண்டு. தொலைவிலிருந்து காண்போர்க்கு நுண்ணிய பூவேலை தெரியாது; நிறமும் உருவமுமே தெரியும். இவ்வாண்டு ஒல்லியான இளைஞர் அணிந்ததை அடுத்த ஆண்டு பருத்தவர் அணிய நேரும். ஆகவே கொக்கிக்கு மாறாக நாடா வைக்க வேண்டும். சிலுவை சுமந்து மும்முறை விழுபவரின் அங்கிக்கு முழங்காலிலும் தோளிலும் இரட்டைத் தையல் வேண்டும். தீப்பந்தம் ஏந்தும் காட்சியில் நைலான் ஆடை கூடவே கூடாது. தீப்பட்டால் அது உருகி உடலில் ஒட்டிக்கொள்ளும். உரோமைப் படைத்தலைவனின் அரைவட்ட மேலங்கியை வெட்டும்போது பள்ளியில் கற்ற வடிவக்கணிதம் உயிர் பெறும். கழுத்துச் சுற்று 15 அங்குலமானால், அரைவட்டத்தின் உள்வளைவுக்கு ஏறத்தாழ 4¾ அங்குல ஆரம் எடுக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய சிறுமி, இந்த மேலங்கியை வெட்டி முடிக்கையில் வட்டத்தின் கணக்கைத் தானாகவே கற்றுவிடுவாள்.

குருவானவர் அணியும் திருப்பலி மேலுடையும் பழைய உரோமையரின் போர்வை போன்ற மேலங்கியிலிருந்து வந்ததே. சிறு வீடு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லே அதற்குப் பெயராயிற்று. திருவழிபாட்டு உடையின் அழகை மிகையான அணிவேலையில் தேடாது, துணியின் தன்மையிலும் அமைப்பிலுமே தேட வேண்டும் என்பது உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை. அப்படியாயின், தொலைவூரில் விலை கொடுத்து வாங்கும் பளபளப்பைவிட, நம் ஊர்த்தறியில் நெய்து, நம் பங்குப் பெண் தைத்த பருத்தி மேலுடை பீடத்திற்கு எவ்வகையில் குறைந்தது?

பெண்ணுக்கு மட்டுமோ?

தையல் என்னும் சொல்லுக்குத் தமிழில் பெண் என்னும் பொருளும் உண்டு. அதனால் இது பெண்டிர்க்கே உரிய தொழில் என்று எண்ணிவிடலாகாது. புகார் நகரத்துத் தொழிலாளரைக் குறிப்பிடும் சிலப்பதிகாரம் துன்னகாரரையும் குறிப்பிடுகின்றது, அவர்கள் தையற்காரர்களே. புனித சின்னப்பர் கூடாரம் செய்து பிழைத்தார். கொரிந்து நகரில் அவரோடு அதே தொழிலைச் செய்தவர்கள் அக்கிலா, பிரிஸ்கில்லா என்னும் கணவன் மனைவியர். தையற்காரர்களின் பாதுகாவலரான புனித ஓமோபோனுஸ், இத்தாலியின் கிரெமோனா நகரத்துத் துணி வணிகர், இல்லறத்தார், தம் வருவாயை ஏழைகளோடு பகிர்ந்தவர். 1197 நவம்பர் 13-ஆம் நாள் திருப்பலியின்போதே உயிர்நீத்த அவரை, ஓராண்டும் சில வாரங்களும் கழிந்த நிலையில், 1199 தொடக்கத்தில் திருத்தந்தை மூன்றாம் இன்னசெண்ட் புனிதராக உயர்த்தினார்.

இன்னும் அண்மையில் ஒருவர் உண்டு. சிறுமலர் புனித தெரேசம்மாளின் அன்னை செலி மார்ட்டின், பிரான்சின் அலென்சோன் நகரில் ஊசி லேஸ் வேலையை முறையாகக் கற்று, 1853-இல் இளம்பெண்ணாகவே தம் சொந்தத் தொழிலைத் தொடங்கினார். தத்தம் வீட்டில் பின்னிய துண்டுகளைப் பெண்கள் கொண்டுவந்து கொடுக்க, அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத தையலால் இணைப்பது அவர் வேலை. தம்மிடம் வேலை செய்தோரைக் குடும்பத்தினர் போல் நடத்தினார். அத்தொழில் வளர்ந்தபோது, கடிகாரக் கடை வைத்திருந்த அவர் கணவர் லூயிஸ், 1870-இல் அக்கடையை விட்டு மனைவியின் தொழிலுக்குத் துணைநின்றார். மனைவியின் தொழில் தம் தொழிலினும் தாழ்ந்தது என்று அவர் கருதவில்லை. 2015 அக்டோபர் 18-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் இவ்விருவரையும் ஒன்றாகவே புனிதர்களாக அறிவித்தார்.

பெற்றோரே, திருமணம் கூடும்வரை பொழுதுபோகட்டும் என்று மகளைத் தையல் வகுப்புக்கு அனுப்பாதீர்கள். அவள் கைக்கு ஒரு தொழில் வேண்டும் என்று அனுப்புங்கள். மகனையும் அனுப்புங்கள். கணவர்களே, மனைவி இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் இரண்டு மணி நேரம் சோற்றுப் பானையை நீங்கள் பார்த்துக்கொண்டால், புனித லூயிஸ் மார்ட்டினின் வழியில் நடந்தவராவீர்கள்.

கூலி என்னும் கடன்

இறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். இது தைப்பவர்க்கன்று, தைக்கக் கொடுப்பவர்க்கு. நகரத்துத் துணிக்கடையில் சீட்டில் எழுதிய விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு வருகின்றோம். அதே துணியைத் தைத்துத் தரும் அயல்வீட்டுக் கைம்பெண்ணிடம் இருபது ரூபாய்க்கு வழக்காடுகின்றோம். கிறிஸ்துமசுக்கு மூன்று நாள் இருக்கையில் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, இரவெல்லாம் விழித்துத் தைக்க வைத்து, நள்ளிரவுத் திருப்பலிக்கு அதை அணிந்து வந்து, கூலியைப் பொங்கலுக்குத் தருகின்றோம். புத்தாடையில் நாம் பாலன் இயேசுவை முத்தமிடும் வேளையில், தைத்தவளின் பிள்ளை பழைய ஆடையில் நின்றால், அம்முத்தத்தின் பொருள் என்ன?

வேலையாளின் கூலியைப் பிடித்து வைத்தால், அக்கூலியே கூக்குரலிட்டு ஆண்டவரின் செவிக்கு எட்டும் என்று புனித யாகப்பர் தம் திருமடலில் எச்சரிக்கின்றார். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் எழுதிய தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடலும், புனித இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் எழுதிய மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலும், நீதியான கூலியை ஆலை முதலாளிகளின் கடமையாகக் கற்பிக்கின்றன. அயல்வீட்டுப் பெண்ணிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் நாமும் அவ்வேளையில் ஒரு சிறு முதலாளியே.

ஆகவே ஒவ்வொரு பங்கும் மூன்று காரியங்களை மேற்கொள்ளலாம். தையல் வகுப்பில் வெட்டுவதற்கும் கணக்கெழுதுவதற்கும், இயந்திரம் ஓட்டுவதற்கு ஒதுக்கும் அளவு நேரத்தை ஒதுக்குவோம். பங்கின் தேவைகளான பீடச் சிறுவர் அங்கி, பாடகர் குழுச் சீருடை, நாடக உடை ஆகியவற்றை முதலில் நம்மிடம் பயின்றோர்க்கே கொடுத்து, உரிய கூலியைக் காலத்தில் கொடுப்போம். சான்றிதழ் கொடுத்த ஓராண்டுக்குப் பின், வின்சென்ட் தே பவுல் சபையினரோ மரியாயின் சேனையினரோ பயின்றவர்களின் வீடுகளுக்குச் சென்று, இயந்திரம் ஓடுகின்றதா, ஓடாவிட்டால் ஏன் என்று விசாரிப்பார்களாக.

தபித்தா இறந்தபின் கைம்பெண்கள் அவள் தைத்த ஆடைகளைக் கையில் ஏந்தி நின்றனர். நம் பங்கில் தைப்பவள் உயிரோடு இருக்கும்போதே, அவள் தைத்ததை உடுத்தியிருக்கும் நாம் அவளுக்குரியதைக் கொடுத்து முடிப்போம்.